மூடுபனி முடியும் இடம்

மார்ச் மாதம் பதினொன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை. முந்தின நாள் மழை முற்றிலும் விட்டிருந்தது. வானம் மாசற்ற நீலமாக இருந்தது. காற்று மிதமாக வீசியது.

அச்சுக்கடையின் கணினிக்கு முன்னிருந்த நாற்காலியில் அன்று அண்ணி அமர்ந்திருந்தாள். நாற்பத்தாறாம் வயதில் வரைகலை மென்பொருளைக் கற்றுக்கொண்டவள் அவள். அதுவரை முன்மேசையில் நின்று வருவோருக்குப் பதில் சொல்வதே அவளுடைய வேலையாக இருந்தது. வடிவமைப்பையும் அச்சு இயந்திரத்தையும் அவளுடைய கொழுந்தனே கவனித்துவந்தான். எதையும் ஆற அமரச் செய்பவன் ஆதலால் வீட்டில் அவனுக்குக் கேலியாகப் ‘புயல்’ என்று பெயர்.

“இந்த வேலையை நீங்களே முடிச்சுக் காட்டுங்க அண்ணி. ஆஸ்பத்திரிக்காரங்க சரின்னுட்டா நாற்காலி உங்களுக்கு. இல்லன்னா பழையபடி முன்மேசைதான்” என்று அவன் சொல்லியிருந்தான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்; ஆயினும் அவள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

வேலை இதுதான். மருத்துவமனையில் நெடுநாள் படுத்திருப்போருக்கான கூடம் சாலையை ஒட்டியிருந்தது. சாலையில் போவோர் பார்வை கட்டில்மேல் விழாதபடி சன்னல் கண்ணாடியின் கீழ்ப்பகுதியைப் படம் அச்சிட்ட கண்ணாடித்தாளால் மூட வேண்டும். மேற்பகுதியில் வானம் தெரிய வேண்டும். “மூடுபனி மாதிரி கரைஞ்சு போகணும். எங்க முடியுதுன்னு கோடு தெரிஞ்சா ஒட்டவே விடமாட்டேன்” என்று தலைமைச் செவிலி கறாராகக் கூறியிருந்தாள்.

அண்ணி கீழே அடர்ந்த மரங்களை வரைந்தாள். மரங்களின்மேல் சாம்பல் நீலத்தில் பனியைப் பரப்பி, மேலே செல்லச் செல்ல அந்நிறத்தைக் குறைத்தாள். திரையில் பனி பஞ்சாய்க் கரைந்தது. பெருமிதத்தோடு ஒரு சிறு துண்டை அச்சிடச் சொன்னாள்.

புயல் அத்துண்டை வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தான். மரங்கள் நன்றாக இருந்தன, பனியும் குறைந்தது. ஆனால் அது குறைந்த இடத்தில் வானம் வரவில்லை. சுண்ணாம்பு பூசிய சுவர்போல வெள்ளை நின்றது.

“பனியைக் காணோம் அண்ணி, வெள்ளையடிச்சிருக்கீங்க!”

“திரையில நல்லாத்தானே இருந்துச்சு தம்பி?”

“திரையில பக்கமே வெள்ளை. வெள்ளைக்கு மேல வெள்ளை இருந்தா எந்த ராசாவுக்குத் தெரியும்?”

அவளுக்குச் சுரீரென்று உறைத்தது. கண்ணாடித்தாளில் நிறங்கள் எடுப்பாகத் தெரிவதற்காக அவற்றின் அடியில் வெள்ளை மை இடுவது வழக்கம். அவள் நிறத்தை மட்டும் கரைத்தாள். அடியிலிருந்த வெள்ளையை அப்படியே விட்டுவிட்டாள். வெண்மை வேறு, வெறுமை வேறு என்பதைக் கையும் களவுமாகப் பிடிபட்டபின் அவள் உணர்ந்தாள்.

“நான் போட்டுத் தரட்டுமா?”

“கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க. நாற்காலிக்கு இப்பவே துண்டு போடாதீங்க.”

முதலில் திரையில் படத்துக்கு அடியில் கருநீலப் பின்னணி ஒன்றை வைத்தாள். உடனே அதன்மேல் வெள்ளை பளிச்சென்று நிற்க, பிழை வெட்டவெளிச்சமாயிற்று. பின்பு நிறங்களையும் வெள்ளையையும் ஒன்றாகக் கட்டி, அவற்றின்மேல் ஒரு செவ்வகம் வரைந்தாள். அதன் கீழ்முனைக்கு வெண்மை, மேல்முனைக்குக் கருமை. இடையில் ஒன்று மற்றொன்றாகச் சிறுகச் சிறுக மாறியது. அச்செவ்வகத்தை மறைப்பாக மாற்றும் கட்டளையைத் தேர்ந்தெடுத்து அழுத்தினாள்.

செவ்வகம் மறைந்தது. அதன் வெண்மை பட்ட இடத்தில் மரங்கள் நின்றன. கருமை பட்ட இடத்தில் எல்லாம் இல்லாமற்போயிற்று. இடையில் பனி மூச்சைப்போல் மெலிந்து கருநீலத்தில் கலந்தது. தான் சிறிதும் கண்ணில் படாத ஒன்று, எது தெரிய வேண்டும், எவ்வளவு தெரிய வேண்டும் என்று ஆட்சி செய்துகொண்டிருந்தது. அண்ணிக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவள் கணினிச் சுட்டியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“என்ன அண்ணி, சாமி வந்துடுச்சா?”

“பேசாம இருங்க தம்பி. கொஞ்ச நேரம் பாத்துக்கறேன்.”

பின்னணியை நீக்கிவிட்டு முழுத்தாளையும் அச்சிட்டார்கள். பிற்பகலில் இருவரும் மருத்துவமனைக்குச் சென்று, கண்ணாடியில் சோப்புநீர் தெளித்து, தாளை ஒட்டி, ரப்பர்க் கட்டையால் நீரை வழித்தெடுத்தார்கள். தலைமைச் செவிலி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

கடைசி நீர்த்துளியும் வழிந்தது. கீழே மரங்கள் சாலையை மறைத்தன. அவற்றினின்று எழுந்த பனி மேலேறி, மேலேறி, மெய்யான வானமாக ஆகியிருந்தது. காலில் கட்டுடன் படுத்திருந்த பெண் ஒருத்தி தலையை உயர்த்தி, “வானம் உள்ள வந்துடுச்சு சிஸ்டர்” என்றாள்.

செவிலி சன்னலருகே வந்தாள். கண்ணாடியில் கீழிருந்து மேலாக விரலை நகர்த்தினாள். பனி முடியும் இடத்தைத் தேடிய அவ்விரல் ஒரு சாண் மேலே போயிற்று. ஐயத்தோடு கீழே வந்தது. மறுபடியும் மேலே போயிற்று.

“எங்கம்மா முடியுது இது?”

“எனக்கே தெரியலைங்க” என்றாள் அண்ணி. அது பொய்யன்று. வரைந்தவளாகிய அவளும் கண்கொட்டாமல் அந்த இடத்தைத் தேடிக்கொண்டுதான் நின்றாள்.

“அப்ப சரி. அடுத்த சன்னலையும் நீங்களே போடுங்க” என்று கூறிச் செவிலி கண்ணாடியிலிருந்து விரலை எடுத்தாள். நாற்காலி அண்ணியுடையதானபோது மணி சரியாக நான்கு ஐம்பத்திரண்டு.