தெய்வம் இறங்கிய தலைவரும் கைதட்டிய கூட்டமும்

என் அக்கா புருஷன் எடுக்கும் முதல் படம் அது. ஊரை விழுங்கி ஏப்பம் விட்ட ஒரு தலைவர் மேல் தெய்வம் இறங்கிவிடுகிறது. அன்றிலிருந்து அவர் வாயில் பொய்யே வருவதில்லை. கதையைக் கேட்டபோதே இது தேறாது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் கூட்டத்துக்கு ஆள் கொண்டுவருவது என் தொழில். மச்சானிடம் மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

பொழுது சாய்வதற்குள் முக்கியமான காட்சியை முடிக்காவிட்டால் படத்தை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாகத் தயாரிப்பாளர் சொல்லியிருந்தார். அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "படம் கைவிட்டுப் போச்சுன்னா நீ இந்த வீட்டுப் படி ஏறாதே" என்றாள்.

காட்சி இதுதான். தலைவர் மேடையில் நிற்பார். பின்னாலிருந்து ஒரு பெரிய விளக்கு தெய்வ ஒளியாக அடிக்கும். "உங்க வரிப்பணத்தைத் தின்னது நான்தான்" என்பார். கூட்டம் பேச்சுமூச்சில்லாமல் உறைய வேண்டும்.

கூட்டம் கைதட்டியது.

மறுபடி எடுத்தோம். மறுபடியும் தட்டினார்கள். நான் கொண்டுவந்தவர்கள் நிஜக் கட்சிக் கூட்டங்களில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். பேசுகிறவர் மூச்சு விடக் கொஞ்சம் நிறுத்தினால் கை தானாகச் சேர்ந்துவிடும். மச்சான் தொண்டை கிழியக் கெஞ்சினார். முன்வரிசை அம்மா ஒருத்தி, "அவரு நிறுத்துறாரே தம்பி, நாங்க என்ன பண்றது?" என்று நியாயம் கேட்டாள். அவர் என்ன பேசினார் என்று கேட்டேன். அதையெல்லாம் யார் கவனித்தார்கள் என்றாள்.

வெயில் மங்கிக்கொண்டே வந்தது. மச்சான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பார்க்கவே பாவமாக இருந்தது. சாப்பாட்டு வண்டி வழியில் படுத்துவிட்டது எனக்கு மதியமே தெரியும். வந்துகொண்டே இருக்கிறது என்று கூட்டத்திடம் கயிறு திரித்துக்கொண்டிருந்தேன். நேராக மேடையேறி, நடிகரின் காதில் விஷயத்தைப் போட்டேன். வசனத்தை அப்புறம் டப்பிங்கில் மாற்றிக்கொள்ளலாம்.

ஒளி அடித்தது. "உங்களுக்கு இன்னிக்குச் சாப்பாடு வராது" என்றார் தலைவர்.

ஒரு கை அசையவில்லை. அப்படி ஓர் அதிர்ச்சியை எந்த நடிகனாலும் காட்ட முடியாது. மச்சான் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

அதே முகங்கள் மறுநாளும் வேண்டும். திருந்திய தலைவரை மக்கள் ஓட்டுப் போட்டு ஜெயிக்க வைப்பதுதான் படத்தின் முடிவு. லாரியில் ஏறப்போன அந்த அம்மாவிடம், நாளைக்கு வயிறாரச் சாப்பாடு உண்டு, வந்துவிடுங்கள் என்றேன். என்ன காட்சி என்று கேட்டாள். சொன்னேன்.

"பொய்யாவது சொல்லியிருந்தா இருட்டுற வரைக்கும் நம்பிக்கிட்டு உட்காந்திருப்போம். இப்படி மூஞ்சிக்கு நேரா சொன்னவனுக்கு எவ தம்பி ஓட்டுப் போடுவா?"