அது இல்லையாம்

ஆம்பூர் தோல்ஷாப்பில் ஞானசீலனின் கட்டைவிரலுக்குத் தனி மரியாதை உண்டு. பதனிட்ட தோலைத் தடவித் தரம் பிரிப்பது அவர் வேலை. தடவினால், ஆடு எந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்கியது என்பது வரைக்கும் சொல்லிவிடுவார். ஒருமுறை, “இது திருப்பத்தூர்ச் சந்தையில வாங்குன ஆடு, முள்வேலியில மாட்டியிருக்கு, கொஞ்சம் கோவக்கார ஆடு” என்றார். ஆள் அனுப்பி விசாரித்தார்கள். சந்தையும் வேலியும் சரியாக இருந்தன. கோபத்தைப் பற்றி மட்டும் உறுதியாகத் தெரியவில்லை. கேட்க ஆடு இல்லை.

அந்த விரல் எழுபத்தொன்பதாம் வருஷம் மரத்துப்போயிற்று.

முதலில் பாதம்தான். வெறும் தரையில் நடந்தாலும் பஞ்சுப் பொதி மேல் நடப்பது போலிருந்தது. பிறகு அந்தப் பஞ்சு கைக்கும் ஏறியது. ஒருநாள் வெள்ளைத் தோல் ஒன்றில் சிவப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது. யாரோ சாயத்தைச் சிந்திவிட்டான் என்று திட்ட வாயெடுத்தவர், தன் விரலைப் பார்த்தார். ஆணி கிழித்த இடத்திலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. வலி என்ற ஒன்று அந்தப் பக்கமே வரவில்லை.

அந்தப் பக்கத்து ஊர்களில் உணர்ச்சி போனால் ஒரே அர்த்தம்தான். தொழுநோய் என்று யாரும் வாயால் சொல்வதில்லை, ‘அது’ என்பார்கள். ‘அது’ வந்த வீட்டில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை, பெண்ணும் எடுப்பதில்லை. ஞானசீலனின் மகள் கிருபாவுக்குக் குடியாத்தத்தில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. கிறிஸ்துமஸ் கழிந்ததும் கல்யாணம்.

அவர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. கையால் பிரித்த தோலைக் கண்ணால் பிரிக்க ஆரம்பித்தார்.

“இன்னாப்பா, தோலைத் தொடாம மொறச்சிப் பாக்குற? அதுக்கும் உனக்கும் பேச்சுவார்த்தை இல்லையா?” என்றான் கூட வேலை பார்த்த வாஹித் பாஷா.

“கண்ணாலயே தெரியுது பாஷா. அனுபவம்.”

உறவுக்காரர் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே கண்ணை மூடச் சொல்லி, பஞ்சுத் திரியால் அங்கங்கே தொட்டு, தொடும்போதெல்லாம் சொல்லச் சொன்னார்கள். அதைப் பரீட்சை என்று நினைத்துவிட்டார் ஞானசீலன். பாஸாகிவிட்டால் ‘அது’ இல்லை என்று ஆகிவிடும்! சட்டைக் கை உரசும் சத்தத்தையும், டாக்டர் மூச்சு நெருங்கி வருவதையும் வைத்து, “இதோ, இதோ” என்று சொல்லிக்கொண்டே வந்தார். நூற்றுக்கு நூறு.

“தொடு உணர்ச்சி பிரமாதம்” என்று எழுதினார் டாக்டர். ஆனால் முட்டியில் சுத்தியலால் தட்டினால் கால் குதிக்கவில்லை. தாலுகா ஆபீஸ் காகிதம் மாதிரி போட்ட இடத்திலேயே கிடந்தது. அதனால் டாக்டர்கள் மாசக்கணக்கில் குழம்பினார்கள். ஒருவர் முதுகெலும்பு என்றார். ஒருவர் சத்து ஊசி போட்டார். ஒருவர் கதவைச் சாத்திவிட்டு, “வீட்ல ஏதாவது மனக்கஷ்டமா?” என்று கேட்டார். பஞ்சு மட்டும் அதன் பாட்டுக்கு முழங்காலைத் தாண்டிக்கொண்டிருந்தது.

கடைசியில் டாக்டருக்குப் படிக்கிற ஒரு பெண்ணிடம் அகப்பட்டார். அவள் சட்டைக் கையை உரசினாள், குனிந்தாள், மூச்சு விட்டாள். தொடவே இல்லை.

“இதோ!” என்றார் ஞானசீலன்.

பெரிய டாக்டர் சுந்தர்ராஜ் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “இத்தனை மாசமா எல்லாரையும் ஏமாத்தியிருக்கீங்களே, ஐயா. எதுக்கு?”

“அதுவா இருந்தா பொண்ணு கல்யாணம் நின்னுடும் சார்.”

டாக்டர் திட்டவில்லை. இரண்டு காது மடலிலும் துளி கீறிச் சோதனைக்கு எடுத்து, பிளாஸ்திரி ஒட்டி அனுப்பினார். காதில் பிளாஸ்திரி எதற்கு ஒட்டுவார்கள் என்பது அந்த ஜில்லாவில் கைக்குழந்தைக்கும் தெரியும். பஸ் பள்ளிகொண்டா வருவதற்குள் அவரைச் சுற்றி சீட்டெல்லாம் காலி. ஆம்பூர் வரும்போது, மிச்சச் சில்லறையைக் கண்டக்டர் தூரத்திலிருந்தே வீசினார்.

“காதுல இன்னாங்க?” என்றாள் மனைவி ஜெபராணி.

“முடிவெட்டும்போது கத்தி பட்டுடுச்சி.”

“ரெண்டு காதுலயுமா?”

“ஒண்ணுல பட்டதும், அசிங்கமா தெரியக்கூடாதுன்னு இன்னொண்ணுலயும் போட்டு சமம் பண்ணிட்டான்.”

ஜெபராணி சிரிக்கவில்லை. உள்ளே கிருபா கல்யாணச் சேலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். தையல் மிஷின் சத்தம் நிற்கிறதா என்று கேட்டுப் பார்த்துவிட்டு, ஜெபராணி குரலே இல்லாமல் கேட்டாள்: “அதுவா?”

“தெரியல.”

முடிவு சொல்லும் நாளில் அவளும் கூடவே வந்தாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஜெபம் செய்துகொண்டிருந்தாள்.

“அது இல்லை” என்றார் டாக்டர் சுந்தர்ராஜ்.

ஞானசீலனுக்கு உயிர் வந்தது. “அப்ப இன்னா சார்?”

“நரம்பு நுனியிலேர்ந்து செத்துக்கிட்டு வருது. ஷாப்புல புழங்குற மருந்தா இருக்கலாம், ரத்தத்துல ஏதாவது இருக்கலாம், பரம்பரையா இருக்கலாம். எல்லாம் பாத்தாச்சு. தெரியல.”

“எது வரைக்கும் ஏறும்?”

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது.

ஞானசீலன் மேஜையைப் பிடித்துக்கொண்டார். “இன்னொரு தடவ பாருங்க சார். அதுவாவே இருக்கப் போவுது. அதுக்குன்னா மாத்திரை இருக்கு, தனி ஆஸ்பத்திரி இருக்கு, வாசல்ல பஸ் நிக்குது. பேரே இல்லாத ஒண்ண வச்சிக்கிட்டு நான் எங்க சார் போவேன்?”

“மூணு மாசம் கழிச்சி வாங்க” என்றார் டாக்டர்.

வெளியே வந்து மனைவியிடம், “அது இல்லையாம்” என்று மட்டும் சொன்னார். “ஸ்தோத்திரம்!” என்று அழுதாள் ஜெபராணி. வேறு என்ன என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஆம்பூரில் இறங்கியதும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அவரை விட்டுவிட்டு முன்னால் ஓடினாள். தெருமுனையிலிருந்தே, “எங்க வீட்டுக்காரருக்கு அது இல்லையாம்! இல்லவே இல்லையாம்!” என்று வீடு வீடாகச் சொன்னாள். அப்படியொரு சந்தேகம் இருந்தது என்பதே பாதித் தெருவுக்கு அப்போதுதான் தெரிந்தது. கதவுகள் திறந்தன. எல்லோரும் வாசலுக்கு வந்து பார்த்தார்கள்.

ஆனால் அவர்கள் பார்த்தது ஞானசீலன் முகத்தை அல்ல. அவருக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பினார். நடுத்தெருவில், வெகு தூரத்தில், ஒரு ஒற்றைச் செருப்பு கிடந்தது.

தன்னுடையதுதான் என்று நிறத்தை வைத்துக் கண்டுபிடித்தார். எந்தக் காலிலிருந்து கழன்றது என்று தெரிந்துகொள்ள, குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.