முருங்கை மரத்தடியில் மாத்திரைகள்

"சிவப்பணு ரொம்பச் சின்னதா இருக்குது. மூணு மாசமா இரும்புச்சத்து மாத்திரை போட்டும் ரத்தம் ஏறல," என்றார் செஞ்சி ஆஸ்பத்திரி டாக்டரம்மா. "சொந்தத்துல கட்டினீங்களா?"

"அத்தப் பையன்," என்றேன்.

அவர் முகம் மாறியது. தலசீமியாவாக இருக்கலாம், அது பரம்பரையாக வரும் ரத்த நோய், அம்மா அப்பா இருவர் ரத்தத்திலும் இருந்தால் என் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு ஆயுள் முழுக்க ரத்தம் ஏற்ற வேண்டி வரலாம் என்றார். என் கணவர் தங்கராஜ் மாமாவுக்கும் ரத்தம் எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை ரிப்போர்ட்.

அந்த நான்கு நாளும் மாமா சரியாகச் சாப்பிடவில்லை. "நான்தான் உன்னயே கட்டுவேன்னு ஒத்தக்கால்ல நின்னேன்," என்று புலம்பிக்கொண்டே இருந்தார்.

அந்த மாத்திரைகளில் ஒன்றைக்கூட நான் விழுங்கவில்லை. போட்டால் குழந்தை கருப்பாகப் பிறக்கும் என்றாள் பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு. நானும் நம்பித் தொலைத்தேன். அத்தனையையும் முருங்கை மரத்தடியில் புதைத்தேன். அந்த மரத்துக்குத்தான் ரத்தம் ஊறியிருக்கும்! உண்மையைச் சொன்னால் மாமாவுக்குப் பாதி பயம் போய்விடும். ஆனால் ஊர் வம்புக்கெல்லாம் கிழியும் என் வாய், இதற்கு மட்டும் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி பெஞ்சில் மாமா மெதுவாகக் கேட்டார். "அன்பு, கலைச்சிடச் சொல்லுவாங்களா?"

அவர் கண் கலங்கியிருந்தது. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"மாமா, நான் மாத்திரையே போடல. கொழந்த கருப்பாப் பொறக்கும்னு சொன்னாங்க."

கத்துவார் என்று பயந்தேன். அவர் தன் கருத்த கைகளைப் பார்த்தார்.

"என்ன மாதிரியா?" என்றார்.

பதில் சொல்வதற்குள் நர்ஸ் கூப்பிட்டுவிட்டார்.

"உன் வீட்டுக்காரர் ரத்தத்துல தலசீமியா இல்ல. கொழந்தைக்கு அந்தப் பயம் வேணாம்," என்றார் டாக்டரம்மா. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மாத்திரைக் கதையைச் சொன்னதும் திட்டித் தீர்த்துவிட்டு, புதிதாக மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாமா அவரைக் கும்பிட்டார். என்னைப் பார்க்கவில்லை.

வல்லம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் மாத்திரையையும் தண்ணீர் பாட்டிலையும் நீட்டினார்.

"போடு."

விழுங்கினேன்.

"வாயத் தொற," என்றார்.

திறந்து காட்டினேன்.