இரண்டு அட்டைகள்

நாங்கள் வேலை பார்த்தது ஓட்டல் துணி வெளுக்கும் இடத்தில். பெரிய படுக்கை விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது. என் ஜோடி என் தம்பி பொண்டாட்டி. ஏழு மாதக் கர்ப்பம். முதலில் வாசலுக்கு வருகிறவள் அங்கே மாட்டியிருக்கும் இரண்டு பேர் அட்டையையும் வருகை மெஷினில் செருகி எடுத்துவிடுவாள். மூன்று வருஷப் பழக்கம். அடுத்தவர் அட்டையைத் தொட்டால் வேலை போகும் என்று மெஷினுக்கு மேலேயே ஒட்டியிருந்தார்கள். அதைப் படித்துக்கொண்டேதான் செருகினோம்.

மாசமாக இருப்பவள் பரிசோதனைக்குப் போகும் நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது. ஆஸ்பத்திரிச் சீட்டைக் கொடுத்தால் போதும். திங்கட்கிழமை அவள் அப்படித்தான் போனாள். நான் தூக்கக் கலக்கத்தில், கை போன போக்கில், இரண்டு அட்டையையும் செருகினேன்.

மறுநாள் இரண்டு பேரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள்.

"எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில இருந்தேன்னு சீட்டு சொல்லுது. அதே எட்டு மணிக்கு இங்க வந்தேன்னு அட்டை சொல்லுது. எதும்மா பொய்?" என்றார் மேனேஜர்.

"மெஷின் கோளாறா இருக்கும் சார்." என் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

விசாரணை முடியும்வரை பரிசோதனை லீவு கிடையாது, மீறிப் போனால் திரும்பி வர வேண்டாம் என்றார். ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது, வெள்ளிக்கிழமை கட்டாயம் வா என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. என் வீட்டில் சம்பாதிக்கிறவள் நான் ஒருத்திதான். அதையே எனக்குச் சொல்லிக்கொண்டு மூன்று நாள் ஓட்டினேன்.

வெள்ளிக்கிழமை அவள் துணி மடிக்கும் மேஜைக்கு அந்தப் பக்கம் வெறுங்காலோடு நின்றாள். கால் செருப்புக்குள் நுழையவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போடி."

"நான் போனா நீங்க தனியா ஒரு முனையைப் பிடிச்சு கொடி ஆட்டிட்டு நிப்பீங்க அண்ணி."

சிரித்தாள். அடுத்த விரிப்பில் அவள் பிடித்திருந்த முனை நழுவித் தரையில் விழுந்தது. அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"என்னடி?"

"கண்ணு முன்னால பூச்சி பறக்குது. நேத்துலேர்ந்து."

கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஆபீசுக்குப் போனேன். "அன்னைக்கு அவ அட்டையைப் போட்டது நான்தான் சார்."

"அன்னைக்கு மட்டுமா?"

"அன்னைக்கு மட்டும்தான்."

"நம்பச் சொல்றியா?"

"மெஷினை நம்புறீங்கல்ல, என்னையும் நம்புங்க."

"உன் பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பு."

"அவளுக்கு?"

"ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். சம்பளம் பிடிக்க மாட்டோம்."

வாசலில் அவள் சண்டைக்கு வந்தாள். "ஏன் சொன்னீங்க? நான் சமாளிச்சுட்டுதானே இருந்தேன்?"

"கிழிச்ச. நட."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தாள். அவிழ்த்து மறு கையில் சுற்றினாள். டாக்டரைத் தேடி வேகமாக வெளியே போனாள்.

"தம்பியை வரச் சொல்லட்டுமா?" என்றேன்.

"டாக்டர் வந்து சொல்லட்டும் அண்ணி. உங்க தம்பி வேலையில இருப்பாரு. லீவு கேக்கணும்."