கிடங்கின் கதையை யார் சொல்வது

துறைமுகக் கரையில் இருக்கும் அந்தக் கிடங்கை வெள்ளைக்கார வியாபாரிகள் பருத்தி மூட்டைகளுக்காகக் கட்டினார்கள். ஜன்னல் திண்டில் ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். சுவர் அவ்வளவு கனம். மேல்மாடியில் கடலைப் பார்த்து ஒரு கதவு, அதற்கு மேலே ஒரு கப்பி. படகிலிருந்து மூட்டையை நேராக மேலே இழுத்துவிடுவார்கள். வியாபாரிகள் போனபின் தானியம் வைத்தார்கள். போர்க்காலத்தில் பட்டாளம் தங்கியது. பிறகு சுங்கத்துறை பறிமுதல் செய்த சாமான்களைப் போட்டு வைத்தது. கடைசியில் புறாக்கள். பல வருஷம் கழித்துப் பூச்சு அடித்து அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

திறந்த நாள் முதல் பார்வையாளர்களுக்கு அதன் வரலாற்றைச் சொல்லி வந்தவள் மூத்தவள். அவளும் இளையவளும் ஓரகத்திகள். அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள், ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சமைக்கிறவர்கள். வேலையில்லாமல் இருந்த இளையவளை டிக்கெட் கொடுக்கும் ஜன்னலில் உட்கார வைத்ததே மூத்தவள்தான்.

ஒரு வாரம் மூத்தவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. பேச்சே வரவில்லை. "நான் சமாளிச்சுக்கறேன்க்கா, நீங்க ரெஸ்ட் எடுங்க" என்று இளையவள் கூட்டத்தை உள்ளே அழைத்துப் போனாள். தொண்டை சரியாகித் திரும்பியபோது நிலைமை மாறியிருந்தது. வருகிறவர்கள், "அந்தச் சின்ன மேடம் இல்லையா? அவங்க சொன்னா நல்லா இருக்கும்னாங்க" என்று கேட்டார்கள். மேலாளர் இருவரும் மாற்றி மாற்றிச் சொல்லட்டும் என்றுவிட்டார். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது என்பது இதுதான் என்று மூத்தவள் நினைத்துக்கொண்டாள்.

அப்படி என்னதான் சொல்கிறாள் என்று ஒருநாள் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டாள். இளையவள் தீ விபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கிடங்கில் ஒரு கோடையில் தீப்பிடித்தது உண்மை. சுமைகூலிகள் பஞ்சைத் திருடிவிடுவார்கள் என்று முதலாளி வெளியே பூட்டிவிட்டுப் போவது வழக்கம். அன்றும் பூட்டியிருந்தான். மேலே போகும் மரப்படிதான் முதலில் எரிந்தது. உள்ளே இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. மூத்தவள் இதைச் சொல்லும்போது வருஷம், காரணம், சேதம் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு அடுத்த அறைக்கு நகர்வாள்.

இளையவள் நகரவில்லை. கல்யாணமாகிச் சில நாளே ஆன ஒரு கூலியாளைச் சொன்னாள். கரையில் நின்று கதறிய அவன் மனைவியைச் சொன்னாள். அந்தக் கதறல் பொறுக்காமல் ஒரு குமாஸ்தா கோடாலியால் பூட்டை உடைக்கிறான். எல்லோரும் இருமிக்கொண்டே வெளியே வருகிறார்கள். கேட்டவர்கள் கை தட்டினார்கள். ஒரு பெண்மணி மூக்கை உறிஞ்சினாள்.

மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. தன் பேச்சுக்கு ஒருநாளும் யாரும் கை தட்டியதில்லை. அவள் தூணை விட்டு வெளியே வந்தாள்.

"இவங்க சொன்னது பொய். யாரும் வெளிய வரல. எல்லாரும் உள்ளயே கருகிப் போனாங்க. குமாஸ்தாவும் இல்ல, கோடாலியும் இல்ல."

கூட்டம் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றது. இளையவள் முகம் சிவந்துபோனது. டிக்கெட் ஜன்னலுக்குப் போய்விட்டாள். மூத்தவள் மீதிக் கதையைத் தானே சொல்லி முடித்தாள். நியாயத்துக்காகத்தான் பேசினோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் அந்த முகம் சிவந்தபோது உள்ளுக்குள் தித்தித்ததே, அதற்கு என்ன பெயர் என்று யோசிக்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

அன்று மாலை சமையலறையில் பாத்திரங்கள்தான் பேசின. வெகுநேரம் கழித்து இளையவள் வாயைத் திறந்தாள்.

"நான் பொய் சொன்னது தப்புதான்க்கா. அவங்க செத்துப்போனாங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரல."

"மனசு வரலன்னா? நடந்தது நடந்ததுதான."

"நடந்ததுதான். ஆனா நீங்க சொல்றப்ப ஆளுங்க செத்த மாதிரியே இல்லக்கா. பஞ்சு எரிஞ்ச மாதிரிதான் இருக்கு."

மூத்தவள் கையிலிருந்த கரண்டியைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த வாரம் இளையவள் கதையை மாற்றினாள். குமாஸ்தா போய்விட்டான். கோடாலி போய்விட்டது. அந்த மனைவி மட்டும் கரையில் நின்றாள். உள்ளேயிருந்து கதவைத் தட்டும் சத்தம் முதலில் பலமாகவும், பிறகு மெதுவாகவும் கேட்பதைச் சொன்னாள். அத்தோடு கதையை நிறுத்திக்கொண்டாள். இந்த முறை யாரும் கை தட்டவில்லை. யாரும் நகரவும் இல்லை. ஒரு ஆள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

பொய்யாவது பரவாயில்லை, பொய் என்று சொல்லித் தள்ளிவிடலாம். இப்போது அதற்கும் வழியில்லை. மூத்தவளுக்குச் சோறு இறங்கவில்லை. இளையவள் சிரித்தால் எரிச்சல், தலை சீவினால் எரிச்சல்.

அந்தச் சமயத்தில்தான் மேலாளர் கூப்பிட்டனுப்பினார்.

"மேடம், தலைநகர்ல பெரிய மியூசியத்துக்கு நல்லாப் பேசற ஆள் ஒருத்தர் வேணுமாம். யாரை அனுப்பலாம்னு என்கிட்ட கேக்கறாங்க. சீனியர் நீங்கதான். உங்களுக்குப் போக விருப்பமா, இல்ல சின்னவங்களை அனுப்பலாமா? அவங்க வேலை எப்படி?"

தான் போவதாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால் இந்தக் கிடங்கு முழுக்க இளையவளுடையதாகிவிடும் என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. பாம்பும் சாக வேண்டும், கம்பும் உடையக்கூடாது.

"அவளையே அனுப்புங்க சார். அவ மாதிரி சொல்ல ஆளே கிடையாது. அவ பேசினா கல்லும் கரையும். இங்க வச்சு வீணாக்காதீங்க."

மேலாளர் அவளை ஆச்சரியத்தோடு பார்த்தார். "சொந்தக்காரங்களைப் பத்தி இவ்வளவு மனசு திறந்து யாரும் சொல்ல மாட்டாங்க மேடம்."

வேலை கிடைத்தது. இளையவளும் அவள் கணவனும் தலைநகருக்குக் குடிபோனார்கள். புறப்படும்போது இளையவள் மூத்தவளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"சார் எல்லாம் சொன்னாருக்கா. நான் உங்களைத் தப்பா நெனச்சுட்டேன். கூடப் பொறந்தவகூட இப்படிச் செய்ய மாட்டா."

"சரி, சரி. வண்டிக்கு நேரமாச்சு" என்றாள் மூத்தவள்.

கிடங்கு அவளுக்கே திரும்பி வந்தது. கூட்டம் குறைந்தது. வந்தவர்கள் படங்களைப் பார்த்தார்கள், கப்பியின் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள், அவள் பேசும்போது கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது அவள் கணவன் செல்போனை நீட்டினான். தலைநகர் மியூசியத்தில் ஏதோ பரிசளிப்பு. இளையவள் மேடையில் மைக் முன்னால் நின்றிருந்தாள். நல்ல புடவை. "எனக்குப் பேசக் கத்துக்கொடுத்தது எங்க அக்காதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மண்டபம் முழுக்கக் கை தட்டியது.

"பாரு, உன்னைத்தான் சொல்றா. உனக்குப் பெரிய மனசுடி. வேற ஒருத்தியா இருந்தா பொறாமையில வெந்து போயிருப்பா."

"போனை மூடிட்டுச் சாப்பிடுங்க, ஆறிடும்" என்றாள் அவள்.

அவன் சாப்பிட்டுத் தூங்கப் போனபிறகு அவன் போனை எடுத்து அந்தக் கைதட்டலை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள்.