நடுவில் மாட்டிய தோல் பை

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். என் அம்மாவும் என் புருஷன் டெல்பர்ட்டும் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டை இல்லை, மரியாதை! அமெரிக்கப் பழங்குடிகளான எங்கள் குரோ ஜனத்தில் மாமியாரும் மருமகனும் முகம் பார்த்துப் பேசமாட்டார்கள். நடுவில் கிடந்து அல்லாடுவது நான்.

அன்று பத்து மணிக்கு எங்கள் வருஷாந்திரச் சந்தைத் திருவிழாவின் ஊர்வலம். என் மகள் ரெனே முதல்முறையாகக் குதிரையில் போகிறாள். சேணத்தின் இருபுறமும் தொங்க, ஒரே காட்டெருமைத் தோலில் வெட்டி வண்ணம் தீட்டிய பழைய ஜோடிப் பைகள். அம்மாவின் வம்சத்துச் சொத்து. ஒன்றுக்கு ஏதாவது ஆனால், இன்னொன்றை மட்டும் கட்டி அனுப்ப அம்மா சம்மதிக்கவே மாட்டாள்.

"உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, சிவப்பு முக்கோணம் குதிரை தலைப்பக்கம் வரணும். மாத்திக் கட்டியிருக்காரு."

அவன் நாலடி தள்ளித்தான் நின்றான்.

"உங்கம்மாகிட்ட சொல்லு, நான் சரியாத்தான் கட்டியிருக்கேன்."

"ரெண்டு பேருக்கும் காது கேக்குதுல்ல? என் உயிரை ஏன் வாங்குறீங்க?"

டெல்பர்ட் ஒரு பையை அவிழ்த்து என் கையில் திணித்தான். "உங்கம்மாவையே கட்டச் சொல்லு. நான் வண்டியை எடுக்கணும்."

"ரெனேயோட பெல்ட் எங்கடி?" என்றாள் அம்மா.

எனக்குத் தலை வெடித்தது. பையை அப்படியே புல்லில் வைத்துவிட்டு, பெல்ட்டைத் தேட, திருவிழாவுக்குப் போட்டிருந்த எங்கள் கூடாரத்துக்குள் போனேன். வைத்த இடம் வண்டிக்கு நேர் பின்னால். முட்டாள் வேலைதான், ஒப்புக்கொள்கிறேன்.

வண்டி பின்னால் நகரும் சத்தம் கேட்டதும்தான் உறைத்தது. அலறியடித்து ஓடிவந்தேன்.

"நிறுத்துடா!"

கத்தியது நானில்லை. வண்டி நின்றது. சக்கரத்துக்கும் பைக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பதினெட்டு வருஷ மரியாதை, அதுவும் 'டா' போட்டு! அவமானத்தில் அவள் கண் கலங்கிவிட்டது.

டெல்பர்ட் இறங்கினான். அவள் பக்கம் திரும்பவேயில்லை. பையை எடுத்துத் தூசி தட்டினான்.

"உங்கம்மாகிட்ட சொல்லு, என் காதுல ஒண்ணும் விழல."

அம்மா மூக்கை உறிஞ்சினாள். "அவர்கிட்ட சொல்லு, நான் குதிரையைத்தான் அதட்டினேன்."

குதிரை கட்டிய இடத்தில் சும்மா புல் மேய்ந்துகொண்டிருந்தது. சொன்னேன், வேறென்ன செய்வது?

டெல்பர்ட் தானே பையைக் கட்டினான், சிவப்பு முக்கோணம் தலைப்பக்கம் வரும்படி.

"இப்ப சரியா இருக்குன்னு சொல்லு" என்றாள் அம்மா.

"யார்கிட்ட? குதிரைகிட்டயா?" என்றேன்.