ஆறு கால் பேழையில் துயின்ற குழவி

வடகிழக்குப் பருவமழை இன்னும் இறங்காத ஐப்பசியின் முதற்கிழமையில், ஊத்துக்கோட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையே கிடக்கும் செம்மண் வெளியின்மேல் காலைக் கதிர் பரவும் காட்சியை, படிப்பவரே, ஒருகணம் உங்கள் மனக்கண்முன் நிறுத்துங்கள். ஆரணியாற்றின் வறண்ட மணற்படுகை வெளுத்த துணியை உதறி விரித்தாற்போல் நீண்டு கிடக்க, அதன் கரைநெடுக நெல்வயல்கள் நாற்றுக்காக உழுது காத்திருக்க, கிழக்கே இரும்பு உருக்கும் ஆலைகளின் புகைபோக்கிகள் வானத்தைத் தாங்குவனபோல் நிரைநிரையாய் எழுந்து கரும்புகை கக்கின. தெற்கே, கொற்றலை ஆற்றங்கரையில், பதினைந்து நூறாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த முதுமாந்தர் செதுக்கிய கற்கோடரிகள் மண்ணுக்கடியில் கிடந்தன என்று அகழ்ந்தறிந்தோர் கூறுவர். அக்கல்லைப் பிடித்த கை எதனை வெட்டிற்று என்பதைக் கல்லின் விளிம்பு சொல்லும். அக்கை எதற்கு அஞ்சி நடுங்கிற்று என்பதை எந்தக் கல்லும் சொல்வதில்லை. நான் சொல்லப் புகுவது அந்த இரண்டாவதைப் பற்றியது. சரிவரச் சொல்லுவேனோ என்னும் ஐயம் எனக்கு உண்டு.

நீர் வற்றிய ஏரி ஒன்றின் படுகையில் சவுடு மண் அள்ளிக்கொண்டிருந்தது ஓர் அகழ்பொறி. அள்ளிய மண்ணைச் சுமையுந்துகள் கும்மிடிப்பூண்டிக்கு அருகே புதிதாய் எழவிருக்கும் ஆலையொன்றின் பள்ளநிலத்தை மேடாக்கக் கொண்டுசென்றன. அகழ்பொறியை இயக்கியவன் தணிகைவேல், அகவை முப்பத்தொன்று. அவன் முகத்தில் எட்டுத் திங்களாக மழிக்கப்படாத தாடி அடர்ந்து கிடந்தது. அது அழகுக்கு வளர்த்த தாடி அன்று. மனைவி கல்பனா கருவுற்ற நாள்தொட்டு, சூலுற்றவளின் கணவன் செய்யலாகாதென அவன் குலத்தார் விலக்கிய அனைத்தையும் அவன் ஒன்றுவிடாமல் விலக்கி வந்தான். முடி மழித்திலன், தேங்காய் உடைத்திலன். தன் சிறிய தந்தை இறந்தபோதுகூடப் பிணம் கிடந்த வீட்டின் படியேறாமல், தெருமுனைப் புளியமரத்தின்கீழ் நின்று தனியே அழுதுவிட்டுத் திரும்பினான்.

அத்துணை அச்சம் அவனுக்கு வந்த வழி இது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கல்பனா ஏழாந்திங்களில் உயிரற்ற ஆண்மகவு ஒன்றை ஈன்றாள். அவள் மயங்கிக் கிடக்கையில், அதே சிறிய தந்தை அம்மகவைத் துணியில் சுற்றி எடுத்துச்சென்று ஏதோ ஓர் ஏரிக்கரையில் புதைத்துவிட்டு வந்தார். எந்த ஏரி, எந்தக் கரை என்று பெற்றவர் இருவருக்கும் சொல்லலாகாதென்பது மரபு. அவரும் சொல்லாமலே இறந்துபோனார். அன்றுமுதல் ஒவ்வோர் ஏரியிலும் அகழ்பொறியின் இரும்புக்கை மண்ணுள் இறங்குந்தோறும் தணிகைவேலின் நெஞ்சும் உடன் இறங்கிற்று.

அன்று ஏழு மணிக்கு ஐந்து மணித்துளி இருந்தது என்பான் சுமையுந்து ஓட்டிய மோசஸ். ஏழு கடந்துவிட்டது என்பான் தணிகைவேல். எது சரியென அறுதியிட எனக்கு வழியில்லை. இருவரும் ஒப்பச் சொல்வது அந்த ஒலியை மட்டுமே. ஓராள் உயரம் அகழ்ந்த பள்ளத்தில் இரும்புப்பல் மண்ணைக் கௌவி மேலெழுகையில், சுடுகாட்டில் கொள்ளி வைப்பவன் பின்புறமாய்க் குடத்தைப் போட்டு உடைப்பதுபோன்ற ஓசை, பொறியின் இரைச்சலையும் பிளந்துகொண்டு கேட்டது. தணிகைவேல் பொறியை அணைத்தான்.

"இன்னா தணிகா, வண்டிய ஆஃப் பண்ணிட்டுக் கனா கண்டுக்கினு கீறியா? இன்னும் மூணு லோடு போவணும்டா!" என்று கூவினான் மோசஸ்.

"எறங்காத. அங்கியே இரு."

"இன்னாடா, பாம்பா?" என்றவாறே மோசஸ் இறங்கிவந்து பள்ளத்துள் எட்டிப் பார்த்தான். செந்நிறச் சுடுமண் தொட்டி ஒன்று, ஒரு பக்கம் உடைந்து வாய்பிளந்து கிடந்தது. முழங்கை நீளத்தினும் சற்றே பெரிது. அடியில் பன்றிக்குட்டியின் கால்கள்போல் குட்டையான கால்கள். "டேய், புதையலு! பாதி எனுக்கு. பூதம் வந்தா மட்டும் முழுசா நீயே வச்சிக்க."

சிரித்துக்கொண்டே குனிந்த அவன், தொட்டியுள் இறுகியிருந்த மண்ணை விரலால் கிளறினான். உள்ளங்கை அளவே உள்ள கருப்பும் சிவப்புமான கிண்ணங்கள் இரண்டு தெரிந்தன. சங்கறுத்துச் செய்த மணிகள் சில உருண்டன. பின்னும் வெள்ளரிசிபோல் ஏதோ நான்கு. அவற்றுள் ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தவனின் சிரிப்பு, காற்றிழந்த பந்துபோல் அடங்கிற்று.

"தணிகா... இது பல்லுடா. பால்பல்லு. போன மாசந்தான் என் பொண்ணுக்கு விழுந்துது, கூரை மேல போட்டேன். இதே சைசு."

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னர், இரும்பை உருக்கவும் ஏரிகட்டி நெல் விளைக்கவும் தேர்ந்த ஒரு குடியினர், இறந்த தம் மக்களை இத்தகைய பேழைகளில் இட்டுப் புதைத்தனர் என்பதைக் கற்றோர் அறிவர். தணிகைவேல் அறிந்திலன். அவன் அறிந்ததெல்லாம், எட்டுத் திங்கள் காத்த நோன்பு ஒரே நொடியில் தன் கையாலேயே உடைந்தது என்பதுதான். பிணம் கிடந்த வீட்டிற்கே போகாதவன் பிணப்பேழையையே பிளந்துவிட்டான்; அதுவும் ஒரு குழவியின் பேழை. அது தன் குழவியோ என்று ஒருகணம் அவன் மதி தடுமாறிற்று. அத்தடுமாற்றத்தில் அவன் செய்ததே இக்கதையின் பெரும்பிழை.

"எல்லாத்தையும் அள்ளி உன் வண்டில போடறேன். எடுத்துக்கினு போயிடு."

"டேய், தாலுகா ஆபீசுல ஒரு வார்த்த சொல்லிக்கலாம்டா."

"கல்பனாவுக்கு எட்டாவது மாசம் மோசசு! என் கண்ணுல அது படக்கூடாது. போ!"

இரும்புக்கை மீண்டும் இறங்கிற்று. பேழையும் கிண்ணமும் மணியும் பல்லும் மண்ணோடு மண்ணாய்ச் சுமையுந்தில் விழுந்தன. வண்டி புழுதி கிளப்பி மறையும்வரை தணிகைவேல் கண்களை இறுக மூடியிருந்தான். கண்ணை மூடினால் நடந்தது நடவாததாகிவிடும் என்று நம்பும் மகவைப்போல.

பதினொரு மணிக்கு அவன் அலைபேசி ஒலித்தது.

"மாமா," என்றாள் கல்பனா. அவள் குரல் தாழ்ந்திருந்தது. "கொயந்த அசையவே மாட்டுதே. காத்தால டீ குடிக்கசொல்ல ஒரு தபா பொரண்டுது. அப்பறம் ஒன்னுமில்ல."

"எத்தினி மணிக்குக் குடிச்ச?"

"ஏழு இருக்கும். ஏன் மாமா? ஹலோ?"

அவன் பொறியைவிட்டுக் குதித்திறங்கி மோசசைக் கூவி அழைத்தான்.

பொன்னேரி மருத்துவமனையில், கல்பனாவின் வயிற்றில் பட்டை ஒன்றைக் கட்டி, குழவியின் நெஞ்சொலியை ஒரு பெட்டி வழியே கேட்டனர். குதிரை ஓடுவதுபோல் விரைந்து ஒலிக்கும் அவ்வொலி, இடையிடையே கால் இடறியதுபோல் தாழ்ந்தது. தாழ்ந்து, நெடுநேரம் தயங்கி, மீண்டும் எழுந்தது. மாலைவரை பார்ப்போம், அதன்மேலும் தாழுமானால் வயிற்றை அறுத்தே எடுக்கவேண்டும் என்றார் மருத்துவர். கல்பனாவின் தாய் சந்திரகலா கட்டிலருகே அமர்ந்து மகளின் கையைப் பற்றியிருந்தாள். தணிகைவேலோ அறையின் வாயிலைத் தாண்டி ஓரடியும் வைத்திலன். ஒலி தாழுந்தோறும் அவன் மூச்சும் நின்றது.

"இன்னாத்துக்கு அங்கியே நிக்கற?" என்றாள் கல்பனா. "நீ புடிச்சிக்கலன்னா வாசக்கால் விழுந்துடுமா? கிட்ட வா."

"நா வரக்கூடாது கல்பனா." அதற்குமேல் அவனால் மறைக்க இயலவில்லை. வாயிலில் நின்றபடியே, உடைந்த ஓசை முதல் மூடிய கண்வரை அனைத்தும் சொல்லிமுடித்தான். சந்திரகலா வாயைப் பொத்திக்கொண்டாள்.

கல்பனா அழுவாள் என்று எதிர்பார்த்தான். அவளோ கேள்வி கேட்டாள். மணமான புதிதில், அகழாய்வு நடந்த அண்டை ஊர் ஒன்றில் தோண்டியெடுத்த பானை ஓடுகளைக் கழுவும் வேலைக்கு ஒரு கோடை முழுதும் சென்றவள் அவள்.

"தொட்டிக்குக் காலு இருந்துதா?"

"ஆறு."

"கிண்ணம்?"

"ரெண்டு. சின்னச் சின்னதா."

"நாங்க கழுவசொல்ல எல்லாமே பெரிய தொட்டிங்க. ஒரு நாளு இந்தமாரி சின்னது வந்துது மாமா. அன்னிக்கி எவளும் சோறு துன்னல." பிறகு கேட்டாள்: "போற வயில பசிக்கும்னு ஒருத்தி கிண்ணம் வச்சி அனுப்பிக்கிறா. அத்தப் போயி ஃபேக்டரிப் பள்ளத்த ரொப்ப அனுப்பினியா?"

"உனுக்குப் பயமா இல்லியா?"

"பயந்தான். ஆனா அந்தக் கொயந்தைக்குப் பயப்படல. அது நம்மள இன்னா கடிச்சிடுமா? அதுக்குப் பல்லே இப்பத்தான் மொளச்சிருக்கு." "நம்மளோடத எங்க பொதச்சாங்கன்னு எனுக்கு யாரும் காட்டல. தேடறதுக்குக்கூட எடமில்ல. கிண்ணம் வச்சவளுக்கும் அந்த கெதி வாணாம். போ மாமா. மேல உருளை ஓட்டறதுக்குள்ள எடுத்துக்கினு வா."

"நா போயிட்டு, இங்க ஏதாவது..."

"இங்க நின்னா மட்டும் நீயா பெத்துக்கப்போற? போ!"

எந்த அச்சத்தை விட்டு எந்த அச்சத்தை நோக்கி ஓடுகிறோம் என்பதை அறியாதவனாய் அவன் ஓடினான். அந்த நெஞ்சொலி அடுத்தமுறை தாழ்ந்து எழாமற்போனால், அது நிற்கும் கணத்தில் தான் அருகில் இருக்கமாட்டோம் என்னும் எண்ணம், பொன்னேரி முதல் கும்மிடிப்பூண்டி வரை மோசசின் இருசக்கர வண்டியின் பின்னிருக்கையில் அவனோடு கூடவே அமர்ந்து வந்தது.

ஆலைநிலத்தை அவர்கள் அடைந்தபோது ஞாயிறு மேற்கே சாய்ந்திருந்தது. கொட்டிய மண்ணை உருளைப்பொறி ஒன்று முன்னும் பின்னும் நகர்ந்து மிதித்துக்கொண்டிருந்தது. நூற்றுக்கு மேற்பட்ட மண்குவியல்கள், எதில் தேடுவது? தணிகைவேல் செயலற்று நின்றான். மோசஸ் தலையைச் சொறிந்தான்.

"திட்டாத. அத்தத் தனியாத்தான் கொட்டினேன். அதோ, மதிலோரம் மூலைல."

மூலையில் இருந்த சிறு குவியலின்மேல், பனையீர்க்கு இரண்டைக் குறுக்காகக் கட்டிச் சிலுவையொன்று நட்டிருந்தது. பூதம் வந்தால் உனக்கென்று நகைத்தவனே நட்டது.

"நீதான சிரிச்ச?"

"சிரிச்சேன். அப்பறம் ஜெபமும் பண்ணேன். அத்தெல்லாம் வெளில சொல்லிக்குவாங்களா?"

அதற்குள் உருளைப்பொறி அந்த மூலையை நோக்கித் திரும்பிவிட்டது. தணிகைவேல் பாய்ந்தோடி அதன் முன்னே கைவிரித்து நின்றான். அதன் இரும்பு வட்டம் குவியலின் ஓரத்தை ஏறிமிதித்த பின்னரே நின்றது.

"யோவ், சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சிதா நைனா?" என்று கத்தினான் அதை ஓட்டிய அன்புராஜ்.

"உள்ள ஒரு கொயந்த கீது!" என்றான் தணிகைவேல்.

அன்புராஜ் குதித்திறங்கினான், கேள்வி கேட்கவில்லை. மூவரும் மண்டியிட்டுக் கைகளாலேயே மண்ணைப் பிரித்தனர். தணிகைவேல் தொட்டான். தொடலாகாததை, பார்க்கலாகாததை, விரல்நுனியால் துழாவித் துழாவி எடுத்தான். நகத்துள் மண் ஏறிக் குருதி கசிந்தது. பேழையின் ஒருபாதி உருளைக்கடியில் நொறுங்கியிருந்தது. கிண்ணம் ஒன்று சில்லுச்சில்லாய்ப் போக, மற்றொன்று முழுதாய்க் கிடைத்தது. மணிகள் ஏழு. பற்கள் மூன்று. "நாலு பாத்தேன்டா," என்றான் மோசஸ். ஒளி மங்கும்வரை தேடினர், நான்காவது கிடைக்கவில்லை.

எடுத்தவற்றைத் தணிகைவேல் தன் மேற்சட்டையைக் கழற்றி அதில் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டான். ஏரிக்கரைக்குச் சென்ற தன் முதல் மகவையும் இப்படித்தான் பொதிந்திருப்பார்கள் என்று அப்போது அவனுக்குத் தோன்றிற்று. அலைபேசி ஒலித்தது. திரையில் சந்திரகலாவின் பெயர். அதை எடுத்துக் காதில் வைப்பதற்கு, அகழ்பொறியின் இரும்புக்கையைத் தன் தோளால் தூக்குவதினும் மிகுதியான வலிமை வேண்டியிருந்தது.

"மாப்ள, அறுத்துத்தான் எடுத்தாங்க. பொண்ணு. ஒன்னே முக்கா கிலோதான் கீது. கண்ணாடிப் பொட்டில வச்சிக்கிறாங்க."

"அயுதுச்சா அத்தை?"

"இந்தா, நீயே கேளு."

கிழிந்த துணியின் நூலிழைபோல் மெலிந்த ஓர் அழுகை கேட்டது. அவனும் அழுதான். மோசஸ் வேறுபக்கம் திரும்பிக்கொண்டான்.

மறுநாள் அவர்கள் அப்பொதியை உரிய அலுவலரிடம் ஒப்படைத்தனர். ஏரியில் மண்ணெடுப்பது நின்றது. தணிகைவேலின் அவ்வேலையும் நின்றது. மூன்று பற்களும் ஏழு மணிகளும் ஒரு கிண்ணமும் இன்று எண்ணிடப்பட்ட அட்டைப்பெட்டி ஒன்றில் இருக்கின்றன. மகள் இருபத்துமூன்று நாள் கண்ணாடிப் பேழையுள் கிடந்தாள். வாயிலில் நில்லாமல், ஒவ்வொரு நாளும் அதன் அருகிலேயே நின்றான் தந்தை.

அவன் அஞ்சியதற்கும் நடந்ததற்கும் தொடர்பு உண்டோ இல்லையோ, நான் அறியேன். அவள் பிழைத்தபின்னும் அச்சம் அவனை விட்டிலது. நண்பகலில் அவள் உறங்குகையில் இன்றும் குனிந்து, நாசியருகே விரலை வைத்து, மூச்சு வந்து படும்வரை தன் மூச்சை அடக்கிக்கொள்கிறான். ஆறு கால் பேழையை வனைந்தவனும் அவ்வாறே ஒரு நாள் குனிந்திருப்பான்; அவன் விரலில் ஏதும் வந்து படவில்லை.

அந்த நிலத்தில் ஆலை எழுந்துவிட்டது. அதன் தளத்துக்கடியில் எங்கோ ஒரு பால்பல் கிடக்கிறது. அதன்மேல் பெரும்பொறிகள் ஓய்வின்றி அதிர்கின்றன. அவ்வழியே செல்லும் வண்டிகளெல்லாம் அந்த வளைவில் ஒலியெழுப்பித் திரும்பும். மதிலின் அந்த மூலை வரும்போது தணிகைவேல் மட்டும் கையை ஒலிப்பானினின்று எடுத்துவிட்டு, வண்டியின் வேகத்தைத் தணித்து, உறங்கும் குழவியின் தொட்டிலைக் கடப்பவன்போல் ஓசையின்றிக் கடந்து செல்கிறான்.